ஐந்து லிட்டருக்குக் கீழே ஏன் கூடாது? ஆக்சிஜன் சிகிச்சைப் பாடத்தைப் படித்த அனுபவம்

செவிலியர் படிப்பில் மூச்சுமண்டல நோய்கள் பற்றிய அலகுதான் எனக்கு மிக எளிதாகத் தோன்றியது. ஆக்சிஜன் கொடுக்கும் கருவிகளை ஓர் அட்டவணையாக எழுதிப் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாயான நேசல் கேனுலா என்றால் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர், சாதாரண முகமூடி என்றால் 5 முதல் 10 லிட்டர், சேமிப்புப் பை வைத்த நான்-ரீப்ரீதர் முகமூடி என்றால் 10 முதல் 15 லிட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் அந்த எண்களில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சாதாரண முகமூடியை எடுத்து என் கையில் கொடுத்து, "இதை ஏன் ஐந்து லிட்டருக்குக் கீழே வைக்கக் கூடாது?" என்றார். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

விடை ஒரு வரிதான். நோயாளி வெளிவிடும் கரியமில வாயு முகமூடிக்குள் தங்குகிறது; நிமிடத்துக்கு 5 லிட்டராவது ஆக்சிஜன் பாய்ந்தால்தான் அது ஓரத் துளைகள் வழியாக வெளியே தள்ளப்படும்; அதற்குக் குறைத்தால், அவர் விட்ட மூச்சையே அவர் திரும்ப இழுக்க நேரிடும். அன்று மாலை அட்டவணையைக் கிழித்துப் போடவில்லை, ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் வரைந்து, அதை நிரப்ப முடியாத இடங்களையெல்லாம் புத்தகத்திலும் வார்டிலும் தேடத் தொடங்கினேன். இந்த அலகைப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அந்தத் தேடலில் கிடைத்தவற்றைத்தான்.

முதல் 'ஏன்' கேனுலாவைப் பற்றியது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். கேனுலாவில் 1 லிட்டர் வைத்தால் அது சுமார் 24 சதவீதமாகவும், பிறகு ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 4 சதவீதம் கூடி, 6 லிட்டரில் சுமார் 44 சதவீதமாகவும் ஆகும் என்று எல்லாரும் எழுதுகிறோம். இந்தக் கணக்கு அமைதியாக மூச்சு விடுகிறவருக்குத்தான் பொருந்தும் என்பதைப் பலர் எழுதுவதில்லை. மூச்சுத்திணறலில் இருப்பவர் காற்றை இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 லிட்டரையும் தாண்டும். நாம் குழாய் வழியாகக் கொடுப்பதோ 4 லிட்டர். மிச்சத்தை அவர் அறைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறார், ஆகையால் அவர் எவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறாரோ அவ்வளவுக்கு நாம் கொடுத்த ஆக்சிஜன் நீர்த்துப் போகிறது. அதே 4 லிட்டரில் காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால், எப்போது கேனுலாவை விட்டுவிட்டு முகமூடிக்கு மாற வேண்டும் என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவைப்படாது.

வென்சுரி முகமூடி இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்தது. குறுகிய துளை வழியாக ஆக்சிஜன் வேகமாகப் பாயும்போது பக்கவாட்டு இடைவெளிகளின் வழியே அறைக் காற்றும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளே இழுக்கப்படுகிறது. மொத்த ஓட்டம் அதிகமாக இருப்பதால் நோயாளியின் மூச்சு வேகம் மாறினாலும் சதவீதம் பெரிதாக மாறுவதில்லை. முகமூடியில் செருகும், நிறத்தால் வேறுபடும் துண்டுகளில் 24 சதவீதத் துண்டுக்கு 2 லிட்டர், 28 சதவீதத்துக்கு 4 லிட்டர் என்று எந்த ஓட்டம் வேண்டும் என்பது அந்தந்தத் துண்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வார்டில் ஒரு நாள், குளிருக்காக ஒரு நோயாளி போர்வையைத் தாடை வரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையின் மடிப்பு சரியாக அந்த இடைவெளிகளின் மேல் கிடந்தது. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் இருந்தது. அறைக் காற்று உள்ளே போக வழியில்லாததால் நாம் எண்ணியதைவிட அதிகச் சதவீத ஆக்சிஜன் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்-ரீப்ரீதரைப் பற்றி ஒரே ஒரு செய்தி: முகத்தில் வைக்கும் முன்பே, வால்வை விரலால் அழுத்திப் பையை நிரப்ப வேண்டும், மூச்சை இழுக்கும்போது பை முழுவதும் சுருங்கி ஒட்டிக்கொண்டால் ஓட்டம் போதவில்லை என்று பொருள்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், தேர்வில் மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில்தான். மாணவர்கள் படுக்கையருகே போனவுடன் சுவரிலுள்ள, ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரைத் தொடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நோயாளியைப் பார்ப்பது முதலில் வர வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா, கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா என்பவை எந்தக் கருவியும் இல்லாமலே தெரியும். மூச்சை எண்ணப் போகிறோம் என்று சொன்னால் அவருடைய மூச்சு மாறிவிடும், ஆகவே நாடி பார்த்த கையை எடுக்காமலே ஒரு முழு நிமிடம் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பல மருத்துவமனைகள் பின்பற்றும் நியூஸ் 2 என்னும் முன்னெச்சரிக்கைப் புள்ளி முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேலும், 8 அல்லது அதற்குக் கீழும் இருந்தால் அந்த ஒரு குறிக்கே அதிகபட்சமான 3 புள்ளிகள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். ஒழுங்கற்ற மூச்சில் அது தவறான எண்ணைத்தான் தரும்.

உதடு நீலமாவதை ஆக்சிஜன் குறைவின் முதல் அடையாளமாக எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பிந்திய அடையாளம். முதலில் வருவது அமைதியின்மை: படுக்கையில் புரள்வது, முகமூடியைப் பிடுங்கி எறிவது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது, இதயத் துடிப்பு வேகமெடுப்பது. 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதப்படுகிற சிலர் உண்மையில் ஆக்சிஜனுக்குத் தவிப்பவர்கள். மேலும், இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தால்தான் நீலம் கண்ணுக்குப் புலப்படும் என்பதால், கடும் இரத்தசோகை உள்ளவர் நீலமாகாமலே மோசமாகலாம். ஆஸ்துமா நோயாளியிடம் கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கினால் அதைக் குணமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று போய்வருவதே நின்றுகொண்டிருக்கலாம்; உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரண்டு ஒளிகளை விரல் வழியாகச் செலுத்தி, துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்து, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றிருக்கிறது என்னும் சாச்சுரேஷனைக் கணக்கிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி இது. துடிப்பை நம்பியே அது இயங்குவதால், விரல் சில்லிட்டிருந்தாலும் கை நடுங்கினாலும் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும் எண் பிசகும். அடர்ந்த நகப்பூச்சு ஒளியை மறைக்கும். கருத்த தோலில் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். புகையில் சிக்கியவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் 99 என்று காட்டியும் ஏமாற்றும். திரையில் தெரியும் நாடி எண்ணும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணிய நாடியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே சாச்சுரேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். சாச்சுரேஷன் 90 சதவீதம் என்பது தமனி இரத்தத்தில் சுமார் 60 மி.மீ. பாதரச ஆக்சிஜன் அழுத்தத்துக்குச் சமம். அதற்குக் கீழே, இந்த இரண்டையும் இணைக்கும் வளைவு செங்குத்தாக இறங்குவதால் 90க்கும் 85க்கும் உள்ள ஐந்து, 98க்கும் 93க்கும் உள்ள ஐந்தைப் போன்றதன்று. இதை ஒரு சிறு வரைபடமாகப் போட்டுக் காட்டினால் பெரிய வினாவில் அரைப்பக்கம் மிச்சமாகும்.

அந்தக் கருவி கரியமில வாயுவைக் காட்டாது என்பதை நான் ஓர் இரவுப் பணியில்தான் உணர்ந்தேன். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள முதியவர் ஒருவருக்குச் சாச்சுரேஷன் 89 என்று காட்டியது. பதற்றத்தில் கேனுலாவின் ஓட்டத்தை 2 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு உயர்த்தினேன். எண் 98 ஆனது, பெருமையோடு குறித்துவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து மூத்த செவிலியர் வந்து, "ஐயா, கண்ணைத் திறந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று தோளைத் தட்டினார். அவர் பாதிப் பெயரைச் சொல்லிவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது, உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது, நீட்டச் சொன்ன கைகள் படபடவென்று உதறின. மருத்துவர் வந்து தமனி இரத்த வாயுப் பரிசோதனை எடுத்தார். 35 முதல் 45 மி.மீ. வரை இருக்க வேண்டிய கரியமில வாயு அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இலக்கு 94 முதல் 98. கரியமில வாயு தேங்கும் ஆபத்துள்ளவர்களுக்கு 88 முதல் 92. அந்த முதியவருக்கு 89 சரியான எண்ணாகவே இருந்தது. ஏன் தேங்குகிறது என்று கேட்டால், ஆக்சிஜன் குறைவே மூச்சைத் தூண்டிக்கொண்டிருந்தது, அதை நாம் நீக்கிவிட்டோம் என்ற விளக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கூடுதல் ஆக்சிஜன் கிடைத்ததும், காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கும் இரத்தம் திரும்பப் பாய்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள கரியமில வாயுவை இறக்கிவிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். தவற்றைக் கண்டவுடன் ஆக்சிஜனை அடியோடு நிறுத்துவது அடுத்த தவறு. சாச்சுரேஷன் பழைய அளவுக்கும் கீழே விழுந்துவிடும், ஆகவே இலக்கைப் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்துதான், இலக்கு எழுதிய மருத்துவர் குறிப்பு அதற்கும் வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் குறிப்புக்குக் காத்திருக்காமல் தொடங்கிவிட்டு அழைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வான வைவாவில் இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டவர்களைத் தேர்வாளர்கள் விடமாட்டார்கள்.

பராமரிப்புத் திட்டம் எழுதும்போது, காற்றுப்பாதையில் சளி அடைத்திருக்கிறதா, மூச்சு விடும் முறை கெட்டிருக்கிறதா, அல்லது நுரையீரலில் வாயுப் பரிமாற்றமே குறைந்திருக்கிறதா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே ஐந்து செயல்களை நகலெடுத்து எழுதிய விடைத்தாள் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். படுக்கை நிலை மூன்றுக்கும் பொதுவென்றாலும் அதற்கும் காரணம் எழுதுங்கள். தலைப்பக்கத்தை 60 முதல் 90 பாகை உயர்த்தினால் வயிற்று உறுப்புகள் கீழிறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கிறது. படுக்கை மேசைமீது தலையணை வைத்து முழங்கைகளை ஊன்றிக் குனிந்து உட்காருபவருக்குத் தோள்கள் நிலைப்பட்டு, துணைத் தசைகள் மார்பைத் தூக்க உதவுகின்றன. அப்படி உட்கார்ந்திருந்த ஒருவரைப் படுக்கை விரிப்பு கலைகிறதே என்று நான் சாய்த்துப் படுக்கவைத்ததும், அவர் என் கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்ததும் இன்னும் நினைவிருக்கிறது. உதட்டைக் குவித்து மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும்போது, 'சூடான பானத்தை ஊதி ஆற்றுவதுபோல்' என்று சொன்னால் எவருக்கும் புரிந்துவிடுகிறது. இரண்டு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, நான்கு எண்ணும் வரை வெளியே விட வேண்டும்.

சளி உறிஞ்சும் செய்முறையில் நேரம்தான் உயிர். முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, குழாயை உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சி, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடிக்குள் முடிக்க வேண்டும். குழாய் உள்ளே போகும் கணத்தில் நீங்களும் உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டத் தொடங்கும்போது அவருக்கு எப்போதோ முட்டியிருக்கும்.

சிறு செய்திகளையும் விட்டுவிட வேண்டாம். கேனுலாவின் வார் காதுக்குப் பின்னாலும் முகமூடி மூக்குத்தண்டின் மேலும் புண்ணாக்கும், ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் தூக்கிப் பாருங்கள். உலர்ந்த உதட்டுக்கு நீர் சார்ந்த களிம்பு மட்டும் தடவுங்கள், பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய்ப் பசையுள்ள கை படவே கூடாது. ஃப்ளோமீட்டரில் பந்தின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே அளவு. அதைக் கண்மட்டத்தில் நின்று படியுங்கள். சிலிண்டர் கணக்கும் கேட்கப்படும்: 10 லிட்டர் நீர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 100 பார் அழுத்தம் இருந்தால் ஏறத்தாழ 1000 லிட்டர் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். கடைசிச் சொட்டு வரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றும் திட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதிவு எழுதுவதில் நான் கடைசியாகத் திருந்தினேன். என் முதல் ஆண்டுப் பதிவேட்டில் 'ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது, நோயாளி நலம்' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அடுத்த செய்முறைத் தேர்வில் நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இப்படி இருந்தது: 'காலை 9.20. மூச்சு 28, நாடி 112, அறைக் காற்றில் சாச்சுரேஷன் 87. மூன்று சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச இயலவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, 28 சதவீத வென்சுரி முகமூடியில் 4 லிட்டர் தொடங்கி, மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது. 9.35. மூச்சு 24, நாடி 104, சாச்சுரேஷன் 90, இலக்கு 88 முதல் 92. விழிப்புடன் இருக்கிறார், தம் பெயரைச் சொன்னார்.' தேர்வாளர் அதைப் படித்துவிட்டு வென்சுரித் துண்டைக் கையில் எடுத்து, இந்த இடைவெளிகளைப் போர்வை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.