கண்ணாடிக்கு எந்த லேசர்?

கண்ணாடியில் பெயரும் படமும் செதுக்கி விற்க லேசர் மெஷின் தேடுகிறீர்களா? நான் முதலில் வாங்கியது டயோடு லேசர். அதன் 450 நானோமீட்டர் நீல ஒளி, தெளிந்த கண்ணாடியைக் கடந்து போய்விடும். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தால்தான் கோடு விழும். பூச வேண்டும், காய வேண்டும், செதுக்கியபின் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒன்றிரண்டு கோப்பைக்குச் சரி, மொத்த ஆர்டருக்குக் கட்டுப்படியாகாது.

அப்புறம் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு மாறினேன். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். அந்த ஒளியைக் கண்ணாடி மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. சூட்டில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன; நாம் பார்க்கும் அந்தப் பனி வெண்மை அதுதான். விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். ஈரமான டிஷ்யூ பேப்பரைச் சுருக்கமும் காற்றுக்குமிழும் இல்லாமல் ஒட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சில்லு தெறிப்பது நன்றாகக் குறையும். டிசைனை 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் விழும் புள்ளிகளின் எண்ணிக்கை) மேல் நெருக்கினாலும் விளிம்பு உதிரும்.

மெஷினை மேம்படுத்தும்போது பலரும் வாட்டைத்தான் பார்க்கிறார்கள். கண்ணாடியில் செதுக்க 40 வாட்டே தாராளம். அந்தப் பணத்தை ரோட்டரியில், அதாவது கோப்பையைச் சுழற்றும் துணைக்கருவியில் போடுங்கள். அப்படிச் சுழற்றிக் கொடுத்தால்தான் வளைவு முழுக்க ஃபோகஸ் மாறாமல் இருக்கும். புகைபோக்கியையும், லேசர் ஒளி உண்டாகும் ட்யூபைக் குளிர்விக்கும் தண்ணீரையும் கட்டாயம் கவனியுங்கள். லேசர் ட்யூப் தேயும் பொருள், மாற்று ட்யூப் எளிதில் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டெம்பர்டு கண்ணாடி (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கியது) ஆர்டரை மட்டும் நான் எடுப்பதில்லை. செதுக்கும்போதே முழுசாகச் சிதறிவிடலாம்.