நிலாவெளியில் வீங்கிப்போன நட்சத்திரங்கள்

வைகாசி அமாவாசையை ஒட்டி, வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு வெளிக்கிட்டோம். நானும் நண்பனும், பின்சீற்றில் தலையணை வைத்துக் கட்டிய 130 மில்லிமீட்டர் நியூட்டோனியன் தொலைநோக்கியும். குழாயின் அடியில் ஒரு பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி உள்ள வகை அது. நோக்கம் ஒன்றே ஒன்று: ஒமேகா சென்டாரியைக் கமராவில் படம் பிடிப்பது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒன்றாகத் திரண்டு நிற்கும் கோளக் கொத்து. லண்டனில் இருக்கிற என் மச்சாளுக்கு அது ஒருநாளும் அடிவானத்துக்கு மேலே வராது. திருகோணமலையிலோ இந்த மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே 34 பாகை உயரத்தில் நிற்கும். இப்படியொரு வானம் கிடைத்ததற்கு நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி வார்த்துவிட்டு, மத்தியானம் திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையில் இருக்கிற நிலாவெளி போய்ச் சேர்ந்தோம். கச்சான் காற்று நெருப்பாக அடித்துக்கொண்டிருந்தது. அறையில் ஏசியைப் போட்டுப் படுத்தோம். தொலைநோக்கியும் எங்களோடுதான் குளிர்ந்தது. அதுதான் முதல் பிழை.

இரவு எட்டரைக்குக் காற்று அடங்கியதும் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் படத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் வீங்கிக் கிடந்தன, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு புகை வளையம். "ஃபோகஸ் சரியில்லை மச்சான்" என்றான் நண்பன். குழாய் வாயில் பஹ்தினோவ் மூடியை மாட்டினேன். வரி வரியாக வெட்டிய இந்த மூடி ஒரு நட்சத்திரத்தை மூன்று கோடுகளாகக் காட்டும். நடுக்கோடு மற்ற இரண்டும் வெட்டும் புள்ளியிலேயே போனால் ஃபோகஸ் சரி. எங்களுக்குச் சரியாகத்தான் போனது.

அடுத்தது இரண்டு கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்பது. வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்துப் பார்த்தால் நட்சத்திரம் வடை மாதிரி விரியும்; ஓட்டை நட்டநடுவில் இருக்க வேண்டும். எங்கள் வடையில் ஓட்டை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. வழியில் விழுந்த பள்ளங்களின் வேலை. பெரிய கண்ணாடியின் பின்னால் உள்ள மூன்று திருகாணிகளையும் கால் திருப்பு, அரைத் திருப்பாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் நட்சத்திரத்தைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து, இருபது நிமிடத்தில் சரிசெய்தோம். வளையம் போகவில்லை.

கடைசியில் டோர்ச்சைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தேன். சின்னக் கண்ணாடி, யாரோ வாய்வைத்து ஊதினது போல வெள்ளையாகப் பனித்திருந்தது.

கண்ணாடியை வெளியே வைத்து ஆறவிடு என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. அது குளிர் நாட்டுக்காரருக்குச் சரி. அங்கே வீட்டுக்குள்தான் சூடு. இங்கே ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியைக் கடற்கரை ஈரக்காற்றுக்குக் கொண்டுபோனால், பனிச் சோடாப் போத்தல் வியர்க்கிற மாதிரி உடனே வியர்க்கும். துணியை எடுக்கக் கை போனது, தடுத்துக்கொண்டேன். அலுமினியப் பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு உப்புத் துணிக்கையோடு துடைத்தாலும் கீறல் ஆயுசுக்கும் நிற்கும். தானாகச் சூடேறி ஈரம் போக முக்கால் மணிக்கு மேலானது. அதற்குள் கொத்து மேற்கே சரிந்து, மெல்லிய முகிலும் மூடிவிட்டது.

மறுநாள் மத்தியானமே தொலைநோக்கியை விறாந்தையில் வைத்துவிட்டோம். இரவு நட்சத்திரங்கள் ஊசி முனையாக வந்தன, இரண்டு செக்கன் படத்தில். 30 செக்கன் படத்தில் அரிசி மணியாக நீண்டன. நான் நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான். கண்ணாடியில் பிழை என்றால் இரண்டு செக்கனிலும் தெரியும். படம் முழுக்க ஒரே திசையில் நீண்டிருந்தால் பிழை வானத்தைத் தொடர்வதில் இருக்கிறது. வானம் ஒரு செக்கனுக்கு 15 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) நகர்கிறது. எங்கள் கமராவில் அது பதினொரு பிக்சல். அதற்கு ஈடாகத் தொலைநோக்கியைத் தாங்கும் முக்காலியின் அச்சு சுழல வேண்டும்; அந்த அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்பதில் கொஞ்சம் பிசகினாலும் கோடு விழும்.

அந்தத் துருவ நட்சத்திரம் இங்கே எட்டரைப் பாகை உயரத்தில்தான். கடல் புகாரில் மங்கிக் கிடப்பதை மணலில் முழங்காலிட்டு, கன்னம் மண்ணில் படுகிற அளவுக்குக் குனிந்துதான் பிடிக்க முடியும். பிடித்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் விலகியிருந்தது. திரும்பப் பிடித்தேன், திரும்ப விலகியது.

மீன்பிடி வாடியில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கிட்ட வந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"தம்பி, உது இறங்குது. ஒரு காலைப் பாருங்கோ."

முக்காலியின் தென்கால், எடைக்கட்டி தொங்கிய பக்கம், மணலுக்குள் இரண்டு விரல் புதைந்திருந்தது. அவரே வாடிக்குள் போய் மூன்று பலகைத் துண்டுகள் கொண்டுவந்து, காலால் மணலை மிதித்து இறுக்கி வைத்துத் தந்தார். பிறகு அச்சு அசையவில்லை. அவருக்கு முதல் படத்தைக் கமராத் திரையில் காட்டினேன். "கோயிலுக்கு மேல நிக்கிறதோ இது?" என்று கேட்டு, திருகோணமலைப் பக்கம் வானத்தைப் பார்த்தார்.

அன்று 30 செக்கன் படங்கள் அறுபது. நகரத்து வெளிச்சம் தெற்கே அடிப்பக்கத்தை மஞ்சளாக்கியிருந்தது, அதைக் கணினியில் கழிக்கலாம். விடியற்காலையில் குழாய் வாயில் வெள்ளைச் சேர்ட்டை இழுத்துக் கட்டி, தூசுக் கறைகளை நீக்குவதற்கான படங்களையும் எடுத்தோம்.

வீட்டில் எல்லாப் படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது கொத்தின் நடுவில்கூட நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. வலது கீழ் மூலை நட்சத்திரங்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுவை இருக்கிறது. அடுத்த அமாவாசைக்குக் கமராவைக் கால்வட்டம் திருப்பி மாட்டி எடுக்கப்போகிறேன். இழுவை அதே மூலையில் நின்றால் கமராவுக்குள் சாய்வு. வேறு மூலைக்குப் போனால் குழாயில். பலகைத் துண்டுகளை ஐயா வாடியிலேயே எடுத்து வைத்திருக்கிறார்.