ஒரே ரைஃபிள்தான் என்றால்

மான் முதல் கரடி வரை அனைத்துக்கும் ஒரே ரைஃபிள்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், நான் தயங்காமல் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டையே தேர்ந்தெடுப்பேன். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான இந்தத் தோட்டா 150 முதல் 220 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) வரையிலான குண்டுகளுடன் கிடைப்பதால், வெட்டவெளியில் தொலைவில் நிற்கும் மானுக்கு இலகுவான குண்டையும், அடர்ந்த காட்டில் எதிர்ப்படும் மூஸ் போன்ற பெருவிலங்குக்குக் கனமான குண்டையும் அதே துப்பாக்கியிலிருந்து சுடலாம். ஆனால் குண்டின் எடை மாறினால் அது படும் இடமும் மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை மீண்டும் சரிசெய்தே ஆக வேண்டும்.

1952-இல் வந்த .308 வின்செஸ்டரும் நல்லதே. கனமான குண்டுகளில் மட்டும் சற்றுப் பின்தங்கும்.

காட்டெருமைக்கும் சேர்த்து வேண்டுமென்போர் 1912-இல் பிறந்த .375 எச் அண்ட் எச் மேக்னத்தை நாடுவர். அதன் ஆற்றலில் குறையில்லை. சுடும்போது தோளில் மோதும் அதன் உதைப்பே என்னைத் தடுக்கிறது. உதைப்புக்கு அஞ்சுகிறோமா என்பதை அறிய ஒரு வழி உண்டு: சுடுதளத்தில், நாம் அறியாதபடி நண்பர் ஒருவர் நிஜத் தோட்டாக்களுக்கிடையே ஒரு போலித் தோட்டாவை இட்டுத் தரட்டும். விசையை இழுத்ததும் வெடிக்காமல் 'டிக்' என்ற ஓசை மட்டும் எழும் அந்த நொடியில் குழல்முனை கீழே சாய்ந்தால், அந்த ரைஃபிள் நமக்குரியதன்று. காயம்பட்ட விலங்கு புதருக்குள் துடித்து மடிவதைவிட, சிறிய தோட்டாவால் இதயத்திலும் நுரையீரலிலும் துல்லியமாகச் சுடுவதையே நான் விரும்புவேன்.