பட்டு பார்டரும் கேன்வாஸ் ஷூவும்

ஜூலை மாதம் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. நான் துணிக்கு பிரிண்ட் வரைகிறவள். குர்தி, துப்பட்டா, படுக்கை விரிப்பு, எது வந்தாலும் சரி. துணியில் டிசைனை அச்சடிக்கிற உருளைக்கு ரோட்டரி ஸ்கிரீன் என்று பெயர், அதன் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். அந்த 64-க்குள் பூவும் கொடியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும், சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. மும்பை சயானில் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நான் ஒரே மாங்காயை வரைவதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி வேண்டும் என்று துணி கேட்டவர் படங்களை ஒட்டி அனுப்பியிருந்த மூட் போர்டில் பாதி, போன வருஷம் இன்னொருவர் எனக்கு அனுப்பியவை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மகள் ஃபோன் பண்ணினாள். ஃபேஷன் படிக்கிறாள். கல்லூரியில் ஏதோ அசைன்மென்ட். "அத்தை, உங்க ஸ்டைல் ஐகான் யாரு? மூணு பேர் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அலமாரியைத் திறந்து பார்த்திருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். அதில் பதினோரு கறுப்பு டீஷர்ட் இருக்கிறது. முதல் வேலைக்கு லோயர் பரேலில் ஒரு ஆபீஸுக்குப் போன புதிதில், சுங்குடிப் புடவை கட்டி, மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு போனேன். "இன்னைக்கு டிரெடிஷனல் டேவா?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, சத்தமாகக் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரமே கறுப்புக்கு மாறிவிட்டேன். டிசைனர் என்றால் கறுப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாள் முழுக்க ராமர் பச்சையும் வாடாமல்லியும் கலந்து கொடுக்கிற கைகள், ஆனால் கழுத்துக்குக் கீழே துக்க வீடு. அந்த வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. டீஷர்ட் மட்டும் நின்றுவிட்டது.

இருந்தாலும் மூன்று பெயர் சொன்னேன். ஐரிஸ் ஆப்ஃபெல், பில் கன்னிங்ஹாம், உஷா உதூப்.

ஐரிஸ் ஆப்ஃபெல் நம் தொழில்காரர் என்பதால் எனக்கு இஷ்டம். பெரிய வட்டக் கண்ணாடி, முழங்கை வரைக்கும் வளையல், இதைத்தான் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவரும் கணவரும் 1950-ல் தொடங்கிய துணிக் கம்பெனி, பழைய காலத்து நெசவுகளைத் தேடிப்பிடித்து அதே மாதிரி மறுபடி நெய்து தந்தது. வெள்ளை மாளிகையின் திரைச்சீலை, நாற்காலித் துணி வரைக்கும் வேலை பார்த்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவருடைய உடைகளையும் நகைகளையும் காட்சிக்கு வைத்தது 2005-ல். அப்போது அவருக்கு வயது 84. ஊர் உலகத்துக்கு அவரைத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். 102 வயது வாழ்ந்து 2024-ல் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தேழு வயதுக்காரிக்கு இந்தக் கணக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஆறுதலில் போன வருஷம் நானும் ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன். அண்ணன் மகன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத்தை, ஆந்தை" என்றான். இரண்டே சொல். அதன்பின் கண்ணாடி டப்பாவை விட்டு வெளியே வரவில்லை.

பில் கன்னிங்ஹாம் வேறு ரகம். நியூயார்க் டைம்ஸுக்காகத் தெருவில் போகிறவர்களின் உடுப்பைப் படமெடுத்தவர். சைக்கிளில் சுற்றுவார். அவர் போட்டுக்கொண்டது பாரீஸில் கூலி வேலை செய்பவர்கள் போடும் நீலக் கோட்டு. ஃபிலிம் ரோல் வைக்கப் பை இருக்கிறது, விலையும் கம்மி. மழைக்கோட்டு கிழிந்தால் டேப் ஒட்டிப் போட்டுக்கொள்வார். எல்லோர் துணியையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்தவர், தனக்கு ஒரே கோட்டு போதும் என்று இருந்தார். என் கறுப்பு டீஷர்ட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அண்ணன் மகள் கேட்டாள். அவர் கோட்டில் பை இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உஷா உதூப் விஷயம் மட்டும் வீட்டோடு சேர்ந்தது. இங்கே பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி, பைகுளாவில் பள்ளிக்கூடம். தூர்தர்ஷனில் அவர் வந்தால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பாள். "நம்ம பைகுளாப் பொண்ணுடி. குரல் ஆம்பளைக் குரல். ஆனா புடவைக் கட்டைப் பாரு." அறுபதுகளின் கடைசியில் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் கிளப்பிலும், பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸிலும் பாடினார். நைட் கிளப்பில் பாடுகிற பெண் என்றால் கவுன் என்று இருந்த காலம். இவர் காஞ்சிபுரம் பட்டு, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். நெற்றியில் பெரிய பொட்டு, பிற்பாடு அதற்குள் கல்கத்தாவுக்காக ஒரு வங்காள 'க'. கச்சேரிக்கா, கோயிலுக்கா என்று சொல்ல முடியாத தோற்றம். இதே உடுப்புக்குத்தான் என்னிடம் டிரெடிஷனல் டேவா என்று கேட்டார்கள் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரிடமும் யாராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்? மறுநாளும் அதையே கட்டிக்கொண்டு போயிருக்கிறார், வேறொன்றுமில்லை.

(அம்மாதான் என் நிஜமான ஐகான் என்று இந்தப் பதிவு முடியப்போகிறது என்று நினைக்கிறீர்கள். இல்லை. அம்மா வீட்டில் நைட்டிதான், மேலே ஒரு துண்டு.)

உஷா உதூப் இப்போதெல்லாம் பட்டுப் புடவைக்குக் கீழே, பட்டுத் துணி ஒட்டிய ஸ்னீக்கர்ஸ் போடுகிறார். அந்த ஷூவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் அரக்குப் பட்டு ஞாபகம் வந்தது. உடம்பு மடிப்புக்கு மடிப்பு கிழிந்துபோன புடவை. பட்டை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் அப்படித்தான் ஆகும், அவ்வப்போது பிரித்து மாற்றி மடிக்க வேண்டும். சயானில் 'சால்' என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் நாங்கள் ஏழு பேர் இருந்த ஒற்றை அறையில் டிரங்க் பெட்டியை யார் இறக்கிப் பிரிப்பது? ஆனால் பார்டர் அப்படியே இருந்தது. பச்சை, மேலே ஜரிகையில் தாழம்பூ ரேக்கு. கோபுரம் கோபுரமாக வரிசை போகுமே, அது. பழைய ஜரிகை வாங்குகிறவனுக்குப் போடலாம் என்று அம்மாவே எடுத்து வைத்திருந்தாள். "எடுத்துக்கட்டுமா?" என்றேன். தலையணை உறைக்கு என்று நினைத்துச் சரி என்றாள். நான் திருத்தவில்லை.

சயான் ஸ்டேஷன் நடைபாதையில் நானூறு ரூபாய்க்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினேன். வீட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டியது என் முட்டாள்தனம். பட்டில் ஈரம் ஊறித் திட்டுத் திட்டாகக் கறை, வெட்டிய ஓரமெல்லாம் ஜரிகை பிரிந்து மீசை மாதிரி நின்றது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு தாராவி 90 ஃபீட் ரோட்டுக்குப் போனேன். அங்கே உள்சந்தில் ஒரு செருப்புக் கடை. கடை என்றால் ஒரு ஆள் உட்காரலாம், இன்னொரு ஆள் வாசலில் நிற்கலாம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவர் பிறந்ததே தாராவிதான், பேச்சில் மட்டும் ஊர் அப்படியே இருக்கிறது.

பையைப் பிரித்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னக்கா, இப்படிப் பண்ணிட்டிய?"

"சரி பண்ண முடியுமாண்ணே?"

"ஒரு கால் போச்சு. இன்னொரு காலுக்குத் துணி இருக்குல்லா? அத வச்சு ரெண்டுக்கும் பாப்போம்."

பட்டைத் திருப்பிப் போட்டு, அடியில் மெல்லிய காடாத் துணியை ஒட்டினார். இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்புக்குப் பட்டு பிளந்துவிடுமாம். ஷூவுக்குள் ஃபர்மா என்கிற கால் வடிவக் கட்டையைத் தட்டி இறக்கினார். பிறகு சொல்யூஷன் என்கிற செருப்புப் பசை, ஷூவிலும் தடவி, துணியிலும் தடவி, உடனே ஒட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு எனக்குக் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுப்பு போயிருந்தது. "இப்பம் வச்சா வச்சதுதான். எடுத்து ஒட்ட முடியாது, பாத்துக்கிடுங்க."

நேரான பார்டர், வளைந்த ஷூ. பெருவிரல் பக்கம் வரும்போது துணி சுருங்கி எழும்பும். அதற்கு அவர் ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவில் இருக்கிற இடமாகப் பார்த்துக் கத்தரியால் ஒவ்வொரு வெட்டு வைத்தார், ஒரு ஜரிகைக் கோபுரத்தையும் தொடாமல். அப்புறம் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வளைவைச் சுற்றி வந்தார். வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற கோபுரங்கள் ஒவ்வொன்றாக விலகி, அடி சேர்ந்து நுனி விரிந்து, ஷூ முனையில் அரை வட்டமாக நின்றன. மடல் பிரிந்த தாழம்பூ. பெயரே தாழம்பூ ரேக்குதான். இத்தனை வருஷம் அந்தப் பார்டரைப் பார்த்திருக்கிறேன், வரைந்தும் இருக்கிறேன், அதில் தாழம்பூவை நான் பார்த்ததே இல்லை.

வாசலில் நின்றபடியே டீ பில்லின் பின்பக்கம் வரைந்தேன். அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, பாதி வட்டத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளி வைத்ததில் 64-க்குள் மூன்று மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஒரு மாதமாக வராதது. அதை மூன்று கலரில் போட்டு அனுப்பினேன். இரண்டு கலரை எடுத்துக்கொண்டார்கள், பணம் இன்னும் வரவில்லை.

மூன்றாவது கலர் ஏன் போனது என்றும் சொல்ல வேண்டும். அது எம்.எஸ். நீலம். காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கென்றே நெய்து கொடுத்த நிறம், அதன்பின் கடைக்குப் போன பெண்கள் எல்லாம் பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஒரு பாடகியின் பெயரில் ஒரு நிறம் இருப்பது எனக்கு எப்போதுமே மயக்கம் தருகிற விஷயம். ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் பிடித்துப் பாருங்கள். பழைய போட்டோ ஒவ்வொன்றிலும் ஒரு நீலம். ஒன்பது நீலம் வைத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சண்முகானந்தா ஹாலில் நேரில் பார்த்தவள். ஒன்பதையும் பார்த்துவிட்டு, "இதுல எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பருப்பு கடையப் போய்விட்டாள்.

ஷூவைப் பற்றிச் சொன்னேனே, அதற்குத் துணி போதவில்லை. வலது குதிகாலில் மூன்று அங்குலம் குறைந்தது. செருப்புக் கடைக்காரர் தன்னிடம் கிடந்த ஒரு பச்சைச் சாட்டின் துண்டை வைத்து மூடிவிட்டார். எனக்கு அது பில் கன்னிங்ஹாமின் டேப் மாதிரி பிடித்திருந்தது. கறுப்பு டீஷர்ட்டை விட்டுவிட்டு, பழைய சுங்குடியைக் கட்டிக்கொண்டு, அந்த ஷூவோடு மாட்டுங்கா வரைக்கும் லோக்கலில் போனேன். லேடீஸ் பெட்டியில் மீன் கூடையோடு இருந்த ஒரு அம்மா என் காலையே பார்த்து, மராத்தியில் ஏதோ சொல்லிப் பக்கத்துப் பெண்ணிடம் சிரித்தாள். நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில்தான் வெடித்தது. "பட்டைக் கால்ல போட்டுட்டியேடி. தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம்."

"உஷா உதூப் போடுறாங்களே?"

"அவ போட்டா அழகு. நீ போட்டா அபசாரம்."

பத்து நாள் அந்த ஷூ இருந்த பக்கம் அம்மா திரும்பவில்லை. வாசலில் கிடந்தால் துடைப்பத்தின் அடிக்கட்டையால் ஒதுக்கினாள். அதுவும் மெதுவாகத்தான் ஒதுக்கினாள் என்பதைக் கவனித்தேன். நானும் பேச்சை எடுக்கவில்லை, அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "நில்லு" என்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக் கொஞ்சம் குனிந்து, என் வலது குதிகாலைப் பார்த்தாள்.

"இது என்ன பச்சை? இது கிளிப்பச்சை. அது இலைப்பச்சைடி." உள்ளே போய் டிரங்க் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கையில் பழைய ரவிக்கை ஒன்றோடு வந்தாள், அக்குளில் வெளுத்து, முதுகுப் பக்கம் மட்டும் நிறம் போகாமல் இருந்தது. "முதுகுல வெட்டச் சொல்லு. கையில கை வைக்காதே, அங்க ஜரிகை இருக்கு."