சதுப்பு மூலைக்கு ஆற்றுப்பாலை

எங்கள் காப்பித் தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு சதுப்பு மூலை உண்டு. ஐப்பசி மழை ஓய்ந்து வெகுநாள் ஆனாலும் கால் புதையும். ஏற்காட்டில் நிழலுக்கு எல்லோரும் வைக்கும் சில்வர் ஓக் அங்கே தேறாது. "தண்ணி நிக்கிற எடத்துக்குத் தண்ணி குடிக்கிற மரந்தானுங்க வேணும்" என்று வேலைக்கு வரும் பெரியவர் ஓடைக்கரையில் நின்ற ஆற்றுப்பாலையைக் காட்டினார்.

ஆற்றுப்பாலை வில்லோ என்னும் மர வகையைச் சேர்ந்தது. ஆனால் வில்லோ என்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் கிளை தொங்கும் சீன மரம்தான் கிடைக்கும். அது வேண்டாம். ஆற்றுப்பாலை நம் நாட்டு வில்லோ. தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதற்கு சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா என்று பெயரிட்டார்.

ஓடைக்கரையில் ஆற்றுப்பாலையைத் தேடும்போது குழப்புவது காட்டலரிப் புதர்தான். அதுவும் ஒடுங்கிய இலையோடு ஓடைப் பாறைகளுக்கு நடுவே நிற்கும். காய்த்திருந்தால் சந்தேகமே வராது: காட்டலரிக்கு மூன்று புடைப்புள்ள சின்ன உருண்டைக் காய், ஆற்றுப்பாலையின் காய் நீண்டு, இரண்டாகப் பிளந்து பஞ்சு பறக்கவிடும். காய் இல்லாத நாளில் மொட்டைப் பாருங்கள். ஆற்றுப்பாலையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலுள்ள மொட்டை ஒரே ஒரு செதில் தொப்பிபோல் மூடியிருக்கும். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும்.

விதையை நம்பாதீர்கள், முளைப்புத்திறன் சீக்கிரமே போய்விடும். கட்டைவிரல் தடிமனில் ஒரு முழக் குச்சி வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்க, முக்கால்வாசியைச் சேற்றில் செருகினால் போதும். வேர் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆண், பெண் தனித்தனி மரம். ஒரே மரத்துக் குச்சிகள் எல்லாம் ஒரே பால்தான். பஞ்சு பிடிக்காதவர்கள் ஆண் மரத்தில் வெட்டலாம். நான் இரண்டிலும் வெட்டினேன்.

விட்டால் மரமாகிவிடும். இடுப்பளவில் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் புதராகக் கிளைக்கும், தழை ஆட்டுக்கும் ஆகும். அதனாலேயே முதல் வருடம் முள்வேலி கட்டாயம். காட்டெருமை வந்தால் அதுவும் நிற்காது, அது வேறு கதை. கிணற்றுக்கும் குழாய்க்கும் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள், ஈரத்தைத் தேடி வேர் நுழையும்.

அப்புறம், இலையில் புழு தெரிந்தால் உடனே மருந்து அடிக்க ஓடாதீர்கள். கரும்புள்ளி போட்ட ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்று இதில் முட்டையிடும். இலை மறுபடி துளிர்த்துவிடும்.