ஸ்கூட்டி இழுக்கவில்லையா? செட்டை மாற்ற முன் கவரைக் கழற்றிப் பாருங்கள்

ஸ்கூட்டி முன்பு மாதிரி இழுக்கவில்லை என்று கொழும்பில் எந்தக் கராஜில் போய்ச் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "செட்டாவே மாத்திடுவம்." செட் என்றால் பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ, பெல், ஸ்பிரிங் எல்லாம். பழைய வண்டிக்கு அது சின்னச் செலவில்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது, எது கெட்டது என்று யாரும் பார்க்காமலே எல்லாம் மாறிவிடுகிறது, உண்மையான காரணம் அப்படியே உள்ளே கிடக்கிறது, சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்பி வருகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025-இல்தான். இடையில் இந்த நகரத்தில் எத்தனையோ பேர், விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று நினைத்திருந்த ஸ்கூட்டியையே வைத்து ஓட்டினார்கள், இன்னும் ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பல ஸ்கூட்டிகளின் இடப்பக்கக் கவரைக் கழற்றிப் பார்த்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன்: எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகும் வழியில் எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வழுக்குவதற்கு உள்ளே இரண்டே இடம்தான். முன்னால் எஞ்சினின் கிராங்க் தண்டில் ஒரு கப்பி இருக்கிறது, சாய்வான இரண்டு தட்டுகள், நடுவே பெல்ட். உள்தட்டுக்குப் பின்னால் சின்னச் சின்ன ரோலர்கள், பெரும்பாலான 110 சிசி வண்டிகளில் ஆறு. எஞ்சின் வேகம் கூடக்கூட ரோலர்கள் வெளிப்பக்கமாக ஓடித் தட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது அல்லவா, அதனால் பின் கப்பியில் அது ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கும். கியர் மாற்றாமலே கியர் மாறுவது இப்படித்தான். 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் வேரியோமட்டிக் என்று காரில் போட்டதும் இதே யோசனைதான். பின் கப்பியோடு சேர்ந்தாற்போல் கிளட்ச். மூன்று ஷூக்கள், சுற்றிவர ஒரு உலோகக் கிண்ணம், அதைத்தான் பெல் என்கிறோம். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது சின்ன ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே பிடித்து வைத்திருக்கும். முறுக்கினால் அவை விரிந்து பெல்லைப் பிடிக்கும், சக்கரம் சுற்றும். ஆக பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையில் வழுக்கலாம், அல்லது ஷூவுக்கும் பெல்லுக்கும் இடையில் வழுக்கலாம்.

எது என்று கவரைத் தொடாமலே ஓரளவு பிடித்துவிடலாம். நின்ற இடத்தில் இருந்து எடுக்கும்போது முதல் சில அடிகளுக்கு மட்டும் வண்டி நடுங்கி, பிறகு வழுவழுவென்று போனால் அது கிளட்ச். ஏனென்றால் ஷூ பெல்லை முழுதாகப் பிடித்த பிறகு அங்கே நழுவ ஒன்றுமில்லை. எடுப்பு நன்றாக இருந்து, வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் எஞ்சின் மட்டும் கத்தினால் பெல்ட்டையும் ரோலரையும் சந்தேகியுங்கள். பெல்ட்டின் அகலம் தேய்ந்தால் முன் கப்பியில் அது மேல் விளிம்புவரை ஏறாது, அதாவது கடைசிக் கியர் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. நின்றபடி ஓடும்போது மட்டும் கடகடவென்று சத்தம் வந்து, முறுக்கியதும் அடங்கினால் ரோலரிலோ, ரோலரை மூடும் தட்டில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளிலோ தேய்மானம்.

கொழும்பு தட்டையான ஊர், ஏற்றத்தில் பரீட்சிக்க இடம் குறைவு. நான் தெகிவளை மேம்பாலத்தைப் பயன்படுத்துவேன், பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு. ஏறும்போது எஞ்சின் சத்தம் கொஞ்சம் உயர்ந்து ஒரே சீராக நின்றால் பயப்பட வேண்டாம். பாரம் கூடும்போது பின் கப்பியின் சரிவுப் பள்ளங்கள் பெல்ட்டைத் திரும்ப வெளியே தள்ளி, கியரைக் குறைத்துக் கொடுக்கின்றன. அது வண்டியின் வேலை. சத்தம் திடீரென்று எகிறி விழுந்து மறுபடி எகிறினால்தான் வழுக்கல்.

கீழ் வீட்டு அக்காவின் ஸ்கூட்டியில் வந்தது முதல் வகை. "தம்பி, காலமையில எடுக்கேக்க மட்டும் உதறுது, பள்ளிக்கூடம் போய்ச் சேரேக்க ஒண்டும் இல்ல" என்றார். கராஜில் முழு செட்டுக்கு விலை சொல்லியிருந்தார்கள். அவர் ஓடுவது வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிவரை, பள்ளிக்கூட நேரத்தில், காலி வீதியில். அந்த நேரத்தில் அந்த வீதியில் வண்டி ஓடுவதில்லை, ஊர்கிறது. ஊரும் ஒவ்வொரு முறையும் ஷூ பாதி பிடித்துப் பாதி வழுக்கிச் சூடாகிறது, சூட்டில் அதன் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிறது, இரவின் ஈரம் பட்டால் காலையில் இன்னும் மோசம்.

ஒழுங்கையில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வேலையைத் தொடங்கினோம். கவரில் உள்ள போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, அதனால் மட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள். உள்ளே பெல்ட்டின் அகலத்தை வேர்னியரால் (நுட்பமாக அளக்கும் அளவுகோல்) அளந்தால் கையேட்டில் சொன்ன எல்லைக்கு மேலேயே இருந்தது. வளைத்துப் பார்த்தால் பற்களின் அடியில் வெடிப்பு இல்லை. ரோலர்கள் வட்டமாகவே இருந்தன. பெல்லைக் கழற்றித் திருப்பினால் உட்சுவரில் நீலநிறத் திட்டுகள், ஷூக்களின் முகம் பளபளவென்று. அவ்வளவுதான். ஷூவில் கனம் மிச்சம் இருந்ததால் பளபளப்புப் போகும்வரை எமரி தாளால் தேய்த்து, பெல்லின் உட்பக்கத்தையும் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துப் பூட்டினோம். நடுக்கம் நின்றது. பெல்லில் விரலால் தடவும்போது தெரிகிற வரம்பு விழுந்திருந்தாலோ, அது வட்டம் கெட்டிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, புது ஷூ போட்டாலும் உதறும், பெல்லையே மாற்ற வேண்டும். இன்னொன்று, அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

பெல்ட்டில் சந்தேகம் என்றால் ஒரு மார்க்கர் பேனா போதும். முன் கப்பியின் சாய்ந்த முகத்தில் நடுவில் இருந்து விளிம்புவரை ஒரு கோடு இழுத்து, மூடி, வெறிச்சோடிய நேரத்தில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள். பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்பில் இருந்து உள்ளே நல்ல தூரத்துக்குக் கோடு மிஞ்சியிருந்தால் பெல்ட் மேலே வரவில்லை. பெல்ட் மெலிந்திருக்கலாம், ரோலர் ஒரு பக்கம் தட்டையாகி உருளாமல் இருக்கலாம், தட்டு நகரும் குழாயில் அழுக்கு இறுகியிருக்கலாம். மூன்றையும் அங்கேயே கையால் பார்த்துவிடலாம். எந்த மீட்டரும் தராத தகவலை இந்தக் கோடு தருகிறது. கராஜ்களில் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை, செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

பெல்ட்டின் பக்கங்களில் எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் புதிது வாங்க ஓடாதீர்கள். முதலில் எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள். முன் கப்பிக்குப் பின்னால் ஈரம் என்றால் கிராங்க் சீல் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பின் கப்பிக்குப் பின்னால் என்றால் கியர் பெட்டியின் சீல். சீலை மாற்றாமல் போட்ட பெல்ட் நாசம்தான். ரோலரில் கிரீஸ் பூசுகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. கையேடு சொல்லாவிட்டால் பூசக்கூடாது, சுழற்சியில் அது சிதறிப் பெல்ட்டில் போய் ஒட்டும். பின் கப்பியின் ஊசிகள் ஓடும் பள்ளத்துக்குத்தான் சூடு தாங்கும் கிரீஸ் வேண்டும், அதுவும் கொஞ்சம்.

ரோலரை மாற்றினால் ஆறையும் ஒன்றாக, அதே நிறையில் மாற்றுங்கள். "கொஞ்சம் லைட்டாப் போடுங்க, பிக்கப் வரும்" என்று யாராவது சொல்வார்கள். வரும்தான். ஆனால் எஞ்சின் எந்நேரமும் கூடிய சுழற்சியில் ஓடும், பெற்றோலும் கூடக் குடிக்கும். 2022-இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீட்டர் என்று கிடைத்த காலத்தை மறக்கவில்லை. வழுக்குகிற பெல்ட்டோடு அந்த நாலு லீட்டரில் எவ்வளவு தூரம் குறைகிறது என்பதை அப்போதுதான் பலர் கவனித்தார்கள்.

இதற்கிடையில் ஒரு கனடாக் கதை. ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் மச்சான் பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஒன்று வாங்கிவிட்டு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். "மச்சான், நீ ஸ்கூட்டி பெல்ட் பாக்கிறனி தானே, இதைக் கொஞ்சம் பார்." எடுக்கும்போது டொக் டொக் என்று ஒரு அடி, வேகம் வந்ததும் சத்தம் இல்லை. பெல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. பெல்ட்டும் கப்பியும் நம்முடையது போலத்தான், ஆனால் ஸ்னோமொபைலில் பின்னால் தனி கிளட்ச் கிடையாது. முன் கப்பியே கிளட்ச். எஞ்சின் மெதுவாக ஓடும்போது தட்டுகள் விலகி பெல்ட் தளர்ந்து கிடக்கும், முறுக்கினால்தான் தட்டுகள் நெருங்கிப் பிடிக்கும். அடியில் இருக்கும் பட்டை பனியில் உறைந்து ஒட்டியிருக்கும்போது முறுக்கினால் பெல்ட் அசையாமல் நிற்க, கப்பி மட்டும் சுற்றி அந்த ஒரே இடத்தை எரித்துவிடும். நம் ஸ்கூட்டியில் பிரேக்கைப் பிடித்தபடி முறுக்கினால் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், எரிவது ஷூ. ஆகவே அவருக்குச் சொன்னது: பெல்ட்டை மாற்றுங்கள், இனி எடுக்க முன் பின்பக்கத்தைத் தூக்கிப் பட்டையை விடுவியுங்கள், அத்தோடு இரண்டு கப்பிகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அதில் எஞ்சின் ரப்பர் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறது, அந்த ரப்பர் தளர்ந்தால் நேர் கெட்டு பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் அரையும். ஸ்கூட்டியில் கப்பிகளின் இடைவெளி வார்ப்பிலேயே வந்துவிடுவதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, வாங்குவது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் முதுகில் அச்சடித்த இலக்கம் தேயாமல் இருந்தால் அதைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மாடலையும் வருடத்தையும் சொல்லி, புதியதைப் பழையதோடு சேர்த்துப் பிடித்து நீளத்தையும் பற்களையும் ஒப்பிடுங்கள். அகலம் புதியதில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பெல்ட்டுகள் உள்ளே இருக்கும் நாரில் வேறுபடும், நல்லதில் அராமிட் என்ற வலுவான செயற்கை நார் இருக்கும். மிகவும் மலிவானதை நான் தொடுவதில்லை.

பூட்டும்போதுதான் அதிகம் கெடுகிறது, இதைக் கவனமாக வாசியுங்கள். பின் கப்பியின் தட்டுகளைக் கையால் விரித்து பெல்ட்டை ஆழமாக உள்ளே இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் முன்னால் பெல்ட் தொளதொளவென்று இருக்கும். அப்படிச் செய்யாமல் பூட்டினால் முன் கப்பியின் வெளித்தட்டு நடுக்குழாயில் போய் உட்காராமல் பெல்ட்டின் மேல் உட்காரும். நட் இறுகிவிட்டது போலவே கைக்குத் தெரியும். வண்டி ஓடியதும் பெல்ட் விலகும், நட் தளரும், தட்டு ஆடி ஆடி கிராங்க் தண்டின் வரிப்பற்களைத் தின்றுவிடும். அதன் பிறகு பெல்ட் செலவு இல்லை, எஞ்சினைப் பிரிக்கும் செலவு. நட்டை இறுக்கும்போது கப்பியைப் பிடிக்க அதற்கான பிடிகருவியைப் பாவியுங்கள். ஸ்குரூடிரைவரை வெளித்தட்டில் உள்ள விசிறி இதழ்களுக்குள் கொடுத்து நிறுத்தினால் இதழ் உடையும், அந்த விசிறிதான் பெல்ட்டுக்குக் காற்று. நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்கி, கவரை மூடுவதற்கு முன்னர் கப்பியைக் கையால் சுற்றி, பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில மாடல்களில் கவருக்குள் காற்றுப் போகும் வழியில் ஒரு ஸ்பொஞ்ச் வடி இருக்கிறது. கொழும்புத் தூசியில் அது சீக்கிரம் அடைத்துவிடும், உள்ளே சூடு ஏறிப் பெல்ட் காலத்துக்கு முன்பே வெடிக்கும். ஒவ்வொரு சர்விஸிலும் அதைக் கழுவிக் காயவைத்துப் போடச் சொல்லுங்கள். மழை வெள்ளத்தில் ஓடி, அதன் பிறகு எடுப்பே இல்லாமல் எஞ்சின் மட்டும் கத்தினால் உள்ளே தண்ணீர். தொடர்ந்து முறுக்கி எரிக்காமல் கவரின் அடியில் வடிகால் இருந்தால் அதைத் திறந்துவிட்டு, உலர விடுங்கள்.

புதுப் பெல்ட் போட்ட பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழுதாக முறுக்காமல் ஓட்டுவது நல்லது. கவரை மூட முன் பெல்ட்டின் அகலத்தை அளந்து, வேர்னியர் தெரியும்படி ஒரு படமும், ஓடோமீட்டரை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை திறக்கும்போது எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு தேய்ந்தது என்று அதில் இருந்து கணக்குப் பார்க்கலாம்.