கணக்குத் துறைக்குக் குளத்தில் என்ன வேலை?

வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து, திருத்தங்களையும் கொடுத்தாகிவிட்டது. புரொவிஷனல் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இனி யாரும் எதையும் பிடுங்க முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

என் பிஎச்.டி. தலைப்பு: திருவிழா நாட்களில் கோயில் குளத்தில் கூட்டமாக நீராடும்போது வயிற்றுப்போக்கு மாதிரியான நோய்கள் எப்படிப் பரவும் என்பதற்கான கணித மாதிரி. பதிவு செய்தது கணிதத் துறையில். இணை வழிகாட்டி சுற்றுச்சூழல் துறை. பதிவு, கோர்ஸ் ஒர்க், அதன் தேர்வு எல்லாம் எல்லோருக்கும் போல நடந்தன, சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. "இது கணக்கா, சுகாதாரமாம்மா?" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் எழுதிய கட்டுரையில்தான் நோய்ப் பரவலைக் கணக்கிடும் எஸ்ஐஆர் மாதிரி வந்தது, அதை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததே 1905-06 பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடுதான் என்றேன். அறை கொஞ்சம் அமைதியானது. பல துறைத் தலைப்போடு போகிறவர்கள் இப்படி ஒரு பழைய கட்டுரையைக் கையில் வைத்திருங்கள். உங்கள் துறையின் பெரியவர்களே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று காட்டினால் பாதிக் கேள்வி குறையும்.

உண்மையான தொல்லை அனுமதிக் கடிதங்களில் இருந்தது. பக்தர்களிடம் உடல்நலம் பற்றிக் கேள்வி கேட்பதால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் (எத்திக்ஸ் கமிட்டி) ஒப்புதல் வேண்டும். குழுவோ, "களத்துக்கான அனுமதிக் கடிதம் எங்கே?" என்றது. கோயில் அலுவலகத்துக்குப் போனால், "யூனிவர்சிட்டியில் எத்திக்ஸ் ஒப்புதல் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அங்கே கேட்டால் இங்கே, இங்கே கேட்டால் அங்கே. ஒப்புதல் வருவதற்கு முன் எடுத்த தரவைப் பின்னால் ஏற்கவும் மாட்டார்கள். எனவே சும்மா குளக்கரையில் நாலு பேரிடம் கேட்டு வைப்போம் என்பதும் நடக்காது.

கோயில் அலுவலகத்து எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, கணக்கு டிபார்ட்மென்ட்டுக்குக் குளத்துல என்ன வேலை?" பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "தண்ணி சரியில்லைனு பேப்பர்ல போட்டுட்டா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் பயமே அதுதான். அடுத்த முறை போனால் மனுவைக் காணோம். "வந்த மாதிரியே தெரியலையே." தேடச் சொன்னால், தேடுகிறவர் லீவு. அன்றைக்குப் பேருந்துக் காசும் ஒரு நாளும் தண்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனுவை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தபால் எண்ணும் வாங்குங்கள். அதற்கு அப்புறம் "காணோம்" என்ற பேச்சே வராது. மனுவோடு ஒரு உறுதிமொழியும் இணைத்தேன்: ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ கோயில் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெளியிட மாட்டேன், முடிவுகளை முதலில் அலுவலகத்துக்குத் தருவேன் என்று. என் ஆய்வேட்டில் "கோயில் அ", "கோயில் ஆ" என்றுதான் இருக்கும். அந்த ஒரு பக்கத் தாள்தான் கோப்பை மேலே நகர்த்தியது என்று நினைக்கிறேன்.

சுழலை உடைத்தது நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலாளர். "கள அனுமதி கிடைத்த பிறகே தரவு சேகரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தர முடியுமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னார். கேட்டேன், கிடைத்தது. அதைக் காட்டி கோயில் கடிதமும் வந்தது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று முதல் நாளே யாரும் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

குழு இன்னொன்றிலும் பிடித்துக்கொண்டது. குளத்தில் அதிகம் குதிப்பது சிறுவர்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஈரத் துணியோடு நிற்கிறவரிடம் இத்தனை தாளை நீட்ட முடியுமா? பெரியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டேன். ஆய்வில் அது ஒரு குறைதான், ஆனால் வேறு வழியில்லை.

கேள்வித்தாளிலும் ஒரு பாடம். "குளத்தில் குளித்த பின் வயிற்றுப்போக்கு வந்ததா?" என்று முன்னோட்டத்தில் கேட்டோம். "சாமி தீர்த்தத்துல குளிச்சா வியாதி போகும்மா, வருமா?" என்று ஒரு பாட்டி முறைத்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை. பிறகு இரண்டையும் பிரித்தோம். எங்கே குளித்தீர்கள், எத்தனை முழுக்கு, தீர்த்தத்தை வாயில் விட்டுக்கொண்டீர்களா என்பது ஒரு பக்கம். ஒரே நாளில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட முறை வயிற்றாலே போனதா என்பது பல கேள்விகள் தள்ளி. தயக்கம் போய்விட்டது. உள்ளங்கை நீரை மூன்று முறை பருகுகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் எவ்வளவு தண்ணீர் விழுங்குகிறார் என்பது கணித மாதிரிக்கு உயிர்நாடி. இப்படிப்பட்ட குளங்களுக்கு அது எந்தக் கட்டுரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் பிளீச்சிங் பவுடர் கதை. கடிதத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கும் தேதியைக் குறிப்பிட்டிருந்தேன். விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு போய் இறங்கினால் குளக்கரை முழுக்க குளோரின் நெடி. கடைசிப் படியில் வெள்ளைத் தூள் இன்னும் கரையாமல் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. "ஆபீசர் டெஸ்ட் பண்ண வர்றாங்கன்னு சொன்னாங்க, நேத்து ராத்திரியே போட்டுட்டோம்" என்று பணியாளர் பெருமையாகச் சொன்னார். அவரை என்ன சொல்ல? குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மலக் கோலிபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) 100 மில்லிக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அன்றைக்கு எடுத்தால் எதுவுமே வராது. வெறும் பெட்டியோடு திரும்பினேன். நுண்ணுயிர் ஆய்வகத்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது: குளோரின் கலந்த நீர் என்றால் பாட்டிலில் முன்பே சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வரும் வழியிலும் கிருமி செத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு கடிதங்களில் தேதியே எழுதவில்லை. "மாசி மாதத்தில்" என்று மட்டும் போட்டேன்.

ஆய்வகத்தோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. கிருமி எண்ணிக்கையை மதிப்பிடும் எம்பிஎன் சோதனைக்கு 48 மணி நேரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால் வார இறுதியில் மாதிரி வாங்க மாட்டோம் என்றார்கள். தீர்த்தவாரி நட்சத்திரம் பார்த்து வருகிறது, ஆய்வகத்தின் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வருவதில்லையே. பஞ்சாங்கத்தையும் ஆய்வக அட்டவணையையும் ஆண்டின் தொடக்கத்திலேயே அருகருகே வைத்துப் பாருங்கள். பக்கத்துக் கல்லூரி நுண்ணுயிரியல் துறை தங்கள் இன்குபேட்டரைத் தந்ததால் நான் பிழைத்தேன்.

அந்தப் பிளீச்சிங் பவுடர் கடைசியில் எனக்கு ஓர் அத்தியாயமே கொடுத்தது. கிருமி எண்ணிக்கை ஒரே ராத்திரியில் சடாரென்று விழுந்து, கூட்டம் இறங்கியதும் மறுபடி ஏறுகிறது. இதைச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு பிடிக்காது. இப்படித் திடீர்த் தாவல்களைச் சேர்த்துக்கொள்ளும் இம்பல்சிவ் வகை வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை போட்டால் கிருமி எல்லைக்குள் நிற்கும் என்று தேற்றமாக நிறுவ முடிந்தது. வைவாவில் கணிதத் தேர்வாளர் பாராட்டியது அதை மட்டும்தான். "இது கணக்கா?" என்று கேட்ட அதே மூத்தவர் தலையாட்டியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

நடுவில் நூலகத்தில் ஒப்புமைச் சோதனை, அதாவது ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி எவ்வளவு என்று மென்பொருளில் பார்ப்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. எனக்குக் கூடுதலாக வந்தது. பிரித்துப் பார்த்தால் பாதி என் சொந்தக் கட்டுரைகள், மீதியில் நியமச் சமன்பாடுகளும் மேற்கோள் பட்டியலும். "மெஷின் சொல்றதுதான்" என்றார் நூலக ஊழியர். பொதுவான கலைச்சொற்கள், நியமச் சமன்பாடுகள், மேற்கோள் பட்டியல் எல்லாம் கணக்கில் சேராது என்று அந்த விதியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். சொந்தக் கட்டுரைகளுக்கு வழிகாட்டியிடம் கையெழுத்திட்ட கடிதம். அரை மணி நேரத்தில் புது அறிக்கை வந்தது. வாய்ச்சண்டையை விட விதியின் அச்சுப் பிரதி வேகமாக வேலை செய்கிறது.

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. கும்பகோணத்தில் தரவு எடுக்கலாம் என்று யாராவது நினைத்தால், கணித மாதிரியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். கோயில் மனுவையும் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தையும் இந்த வாரமே ஒன்றாகப் போட்டுவிடுங்கள்.